ஒரு படி ராகி

தேவகுமாரி: சுத்தி வளைக்காத கலா. இந்தக் கையெழுத்து உன்னோடதா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

கலாவதி: என்னோடதுதானுங்க டாக்டரம்மா.

தேவகுமாரி: கண்ணாயி. அப்பா பேரு சின்னன், வயசு ரெண்டு. இந்த மாசம் பத்தாம் தேதி எட்டு கிலோ நானூறு. நீதான எழுதின?

கலாவதி: நாந்தானுங்க.

தேவகுமாரி: இன்னைக்குக் காலையில நானே அந்தக் குழந்தையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஏழு கிலோ. அதுக்கு மேல முள்ளு நகரவே இல்லை.

கலாவதி: அதைத்தானுங்க நானும் சொல்ல வந்தேன். பத்து நாளா வயித்தால போவுதுங்க அதுக்கு. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. நீங்க ஜீப்புல வந்தது நல்லதாப் போச்சு. சேலத்துக்குக் கொண்டு போயி—

தேவகுமாரி: உப்பு சர்க்கரைப் பொட்டலம் குடுத்திருக்கேன். எப்படிக் கலக்கணும்னு சின்னன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.

கலாவதி: அந்த அண்ணனுக்குத் தட்டுல சோறு போட்டுத் திங்கவே தெரியாதுங்க. பொட்டலத்தைக் கலக்கவா போவுது...

தேவகுமாரி: பேச்சை மாத்தாத. பதினேழு நாள்ல ஒரு கிலோ நானூறு எப்படிக் குறையும்?

கலாவதி: வயித்தால போனா குறையாதுங்களா?

தேவகுமாரி: சரி. மாதேஸ்வரன் பொண்ணுக்கும் வயித்தால போகுதா? சித்தன் பையனுக்கு? பத்து குழந்தையை எடை போட்டேன். பத்தும் உன் நோட்டுல இருக்கிறதை விடக் குறைவு. அறுநூறு, அறுநூத்தம்பது, எழுநூறு. மாரமங்கலம் ஊரே பேதியில கெடக்குதா?

கலாவதி: தராசுல ஏதாச்சும்...

தேவகுமாரி: தராசு சரியாத்தான் இருக்கு. கடையில அஞ்சு கிலோ எடைக்கல்லு வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்துட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

கலாவதி: பொன்னுவேலு அண்ணனைப் போயி டீ வாங்கியாரச் சொல்லட்டுங்களா? காலையிலிருந்து ஒன்னும் சாப்புட்ட மாதிரி தெரியலீங்க நீங்க.

தேவகுமாரி: டிரைவர் டிரைவர் வேலையைப் பார்க்கட்டும். நீ உக்காரு. இந்தப் பள்ளிக்கூடத்து வாசல்லதான உனக்குத் தராசு பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா?

கலாவதி: இருக்குதுங்க.

தேவகுமாரி: பத்தாவது முடிச்சுட்டு எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கப் போயிட்டிருந்த. அங்க கணக்கு எழுதற ரைட்டர்கிட்ட பேசி, உன்னை அங்கிருந்து கூட்டிட்டு வந்து நோட்டைக் கையில குடுத்தேன். கலா எழுதினா அதை நான் திருப்பிப் பார்க்கவே வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

கலாவதி: டாக்டரம்மா, ஒன்னு கேக்கட்டுங்களா?

தேவகுமாரி: கேளு.

கலாவதி: எடை பார்க்கிற நாளு பத்தாந்தேதி. இன்னைக்கு இருவத்தேழு. அம்மாக்காரிக பூராம் பழம் பறிக்கப் போன நேரத்துல வந்திருக்கீங்க. எப்பவும் வாரதுக்கு முந்தி எனக்குச் சொல்லி அனுப்புவீங்க...

தேவகுமாரி: சொல்லி அனுப்பியிருந்தா என்ன பண்ணியிருப்ப?

கலாவதி: ஒன்னும் இல்லீங்க. சும்மா கேட்டேன்.

தேவகுமாரி: நாளைக்குப் பத்து மணிக்கு பாலசுப்பிரமணியம் சார் இங்க வர்றார். என் ப்ரொபசர். நான் எழுதற ஆராய்ச்சியில அவர் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குப் படிப்பு முடியும். வந்து, பத்து குழந்தையை அவர் கையாலயே எடை போடப் போறார்.

கலாவதி: அவரு எதுக்குங்க மெனக்கெட்டு மலையேறி வாராரு?

தேவகுமாரி: ஏன் வர மாட்டார்? இந்த நோட்டைப் பாரு. சத்துமாவு குடுக்க ஆரம்பிச்சு ஒன்னேகால் வருஷத்துல, உங்க ஊர்ல யாருக்கு அதிகமா எடை ஏறியிருக்கு? நல்லா இருக்கிற குழந்தைங்களுக்கு இல்லை. நோஞ்சானுங்களுக்கு. எது எது அடிக்கடி சீக்குல விழுந்துச்சோ, அதுக்குத்தான் கிடுகிடுன்னு ஏறியிருக்கு. சார் முதல்ல என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ராகியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்ந்து இவ்வளவு செய்யுமான்னு கேட்டார். போன வாரம் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்துட்டு, கண்ணாயி பேரைச் சுத்தி வட்டம் போட்டுட்டார். புரட்டாசியில ஒரே மாசத்துல எழுநூறு கிராம் ஏறியிருக்கே, எப்படிம்மான்னு கேட்டார்.

கலாவதி: நீங்க என்னங்க சொன்னீங்க?

தேவகுமாரி: நான் என்ன சொல்றது? எழுதினது நீ. வீட்ல உக்காந்துக்கிட்டு வாய்க்கு வந்ததை எழுதினியா?

கலாவதி: அந்தப் பேச்சு மட்டும் பேசாதீங்க டாக்டரம்மா. மழையா இருந்தாலும் பனியா இருந்தாலும், ஒவ்வொரு புள்ளையையும் தூளியில போட்டுத் தொங்கவுட்டு, முள்ளு நிக்கிற வரைக்கும் பொறுத்திருந்துதான் எழுதினேன். ஒரு நாளு ஊட்டுல உக்காந்து எழுதலீங்க.

தேவகுமாரி: அப்ப முள்ளு பொய் சொல்லுச்சா?

கலாவதி: முள்ளும் பொய் சொல்லலீங்க.

தேவகுமாரி: பின்ன?

கலாவதி: தூளியில... புள்ளை மட்டும் இருக்காதுங்க.

தேவகுமாரி: வேற என்ன இருக்கும்?

கலாவதி: ராகி.

தேவகுமாரி: என்னது?

கலாவதி: ராகிதானுங்க. துணியில மூட்டை கட்டிப் புள்ளை மடியில வெச்சு உடுவாங்க. அரைப்படி. அதுக்கு மேல துணியைச் சுத்திருவாங்க. வெளிய தெரியாது.

தேவகுமாரி: எவ்வளவு நாளா?

கலாவதி: ரெண்டாவது மாசத்துலயிருந்து.

தேவகுமாரி: எதுக்கு? யாரு சொல்லிக் குடுத்தது?

கலாவதி: சென்னம்மா அக்கா. சென்றாயண்ணன் சம்சாரம். மொத மொதல்ல எடை பார்த்த அன்னைக்கு, மொத ஆளா வந்து புள்ளையைக் குடுத்ததே அந்த அக்காதானுங்க. நல்லா இருந்த பையன். ஒம்பதாம் நாளு போயிட்டான்.

தேவகுமாரி: அது வயித்துப்போக்கு கலா. நான் வந்து பார்த்தேனே. எடை போட்டதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

கலாவதி: எனக்குத் தெரியுதுங்க. அந்த அக்காளுக்கு எப்படிச் சொல்றது? கொக்கியில கறியைத்தான் தொங்கவுட்டு நிறுப்பாங்க, எம்புள்ளையை உசுரோட நிறுத்துட்டேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டுது. அடுத்த மாசம் நானு தராசோட போறேன், ஒருத்தி கதவைத் தொறக்கல. பத்து ஊடு ஏறி எறங்கினேன். கடைசியில சென்னம்மா அக்காவேதான் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுச்சு. நானு சும்மா தொங்க உட்டுட்டேன், நீங்க அப்படி உடாதீங்க, மடியில தவசம் வெச்சு உடுங்க, தவசத்தைத்தான் நிறுக்கறாங்கன்னு ஆயிரும்னுச்சு. அப்பறந்தானுங்க புள்ளைகளைக் குடுத்தாங்க.

தேவகுமாரி: நீ அதை என்கிட்ட ஏன் சொல்லல?

கலாவதி: எடை பார்த்தாத்தான் மாவுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. எடை இல்லைன்னா மாவு இல்லை. அறுபத்தி நாலு புள்ளைங்க டாக்டரம்மா. சில ஊட்டுல அந்த மாவுதான் புள்ளைக்கு ஒரு நேரத்துச் சோறு.

தேவகுமாரி: அரைப்படியைக் கழிச்சு எழுதியிருக்கலாமே?

கலாவதி: மொத ரெண்டு மாசம் கழிச்சுத்தானுங்க எழுதினேன். அறுநூறு கிராம்னு கணக்கு வெச்சு. நோட்டைப் பாருங்க, அந்த ரெண்டு மாசமும் எடை ஏறியே இருக்காது.

தேவகுமாரி: ...ஆமா.

கலாவதி: அதைப் பார்த்துட்டு நீங்க என்னங்க சொன்னீங்க? இப்படியே போனா இந்த மாவுல பிரயோசனம் இல்லைன்னு நிறுத்திருவாங்க கலான்னு சொன்னீங்க. இதே எடத்துலதான் நின்னுட்டிருந்தீங்க. அழுவாத குறைதான் உங்களுக்கு.

தேவகுமாரி: அதனால கழிக்கிறதை நிறுத்திட்ட.

கலாவதி: நிறுத்திட்டேனுங்க. அந்த மாசம் எல்லாப் புள்ளைக்கும் அறுநூறு ஏறிப்போச்சு. நீங்க மைசூர்பாகு வாங்கிட்டு வந்தீங்க.

தேவகுமாரி: என் தலையிலதான் கொண்டுவந்து போடறியா?

கலாவதி: இல்லீங்க. தப்பு என்னோடது. நடந்ததைச் சொல்றேன்.

தேவகுமாரி: எல்லாரும் அரைப்படின்னா நோஞ்சானுக்கு மட்டும் எப்படி அதிகமா ஏறுச்சு?

கலாவதி: சீக்காளிப் புள்ளைக்கு அம்மாக்காரி பயந்துக்கிட்டுக் கொஞ்சம் சேர்த்து வெப்பாங்க. புள்ளை மெலிய மெலிய ராகி சாஸ்தியாவும். முக்காப்படி, ஒரு படி...

தேவகுமாரி: கடவுளே. அப்ப என் தீஸிஸ்ல இருக்கிறது மொத்தமும்... எந்தக் குழந்தை சாகக் கெடந்துச்சோ, அதைத்தான் நல்லாத் தேறிடுச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன்.

கலாவதி: ஆமாங்க.

தேவகுமாரி: அந்த ராகியை எடை முடிஞ்சதும் என்ன பண்ணுவாங்க?

கலாவதி: சேர்வராயன் சாமிக்கு முடிஞ்சு வெச்சிருக்காங்க. வைகாசியில மேல கோயிலுக்குப் போறப்ப கொண்டு போவாங்க. அது வரைக்கும் மாசாமாசம் அதே மூட்டைதான். ஊட்டுல யாரும் தொடக்கூடாது.

தேவகுமாரி: பசிக்கிற குழந்தைக்குக்கூடக் காய்ச்சிக் குடுக்கக் கூடாதா?

கலாவதி: புள்ளைக்குத்தான் மொதல்ல ஆவாதுங்க. அது உசுருக்குப் பதிலா வெச்சதில்லீங்களா?

தேவகுமாரி: எனக்குத் தலை சுத்துது கலா.

கலாவதி: அதுக்குத்தான் டீ சொல்லட்டான்னு கேட்டேன்.

தேவகுமாரி: சிரிக்கிற நேரமா இது?

கலாவதி: சிரிக்கலீங்க. நொம்பப் பயமா இருக்குது. பேசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் தெரியாம இருக்குது. மணி ரெண்டரை ஆச்சு டாக்டரம்மா. அஞ்சு மணி பஸ்ஸு ஏற்காட்டோட நின்னுரும், சேலத்துக்குப் போவாது. கண்ணாயியைக் கீழ கொண்டு போவோணும்னா ஜீப்பை உட்டா வேற வழி இல்லை.

தேவகுமாரி: நாளன்னிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

கலாவதி: நாளன்னிக்கு வரைக்கும் தாங்குமுங்களா?

தேவகுமாரி: பொட்டலம் குடுத்திருக்கேன்ல.

கலாவதி: தாங்குமான்னு கேட்டேனுங்க.

தேவகுமாரி: இன்னைக்குக் கூட்டிட்டுப் போனா என்ன ஆகும் தெரியுமா? வார்டுல சேர்க்கறப்ப பேரு, ஊரு, வயசு, எடைன்னு எழுதணும். காலையில ஏழரை மணிக்கு சார் ரவுண்ட்ஸ் வருவார். மாரமங்கலம், கண்ணாயி, ஏழு கிலோ. அவர் வட்டம் போட்ட பேரு. அதைப் பார்த்துட்டு அவர் மலையேறியே வர வேண்டாம். அங்கயே என் கதை முடிஞ்சது.

கலாவதி: நாளைக்கு இங்க வந்தாலும் பார்ப்பாருல்லீங்க?

தேவகுமாரி: இங்க வந்தா பத்து குழந்தைதான் பார்ப்பார். கண்ணாயி குடும்பம் அடிவாரத்துக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லலாம். மத்ததுங்களை அம்மாக்காரிங்களே கொண்டு வருவாங்க...

கலாவதி: ராகியோட.

தேவகுமாரி: நான் அப்படிச் சொல்லல.

கலாவதி: சொல்லலீங்க.

தேவகுமாரி: என்னை அப்படிப் பார்க்காத. மூணு வருஷம். என் பொண்ணுக்கு இப்ப மூணு வயசு. அவளை எங்கம்மாகிட்ட விட்டுட்டு உங்க ஊர்க் குழந்தைங்க பின்னாடி அலைஞ்சிருக்கேன்.

கலாவதி: உங்க பாப்பா எத்தனை கிலோங்க இருக்கும்?

தேவகுமாரி: பதிமூணு. ஏன்?

கலாவதி: சும்மாதானுங்க கேட்டேன். டாக்டரம்மா, என்னையத் திட்டறதுன்னா ஜீப்புல போயிக்கிட்டே திட்டுங்க. அடிவாரம் வரைக்கும் இருவது கொண்டை ஊசி இருக்குது. ஒரு வளைவுக்கு ஒரு தடவைன்னாலும் கேட்டுக்கறேன்.

தேவகுமாரி: ஒன்னு பண்ணலாம்.

கலாவதி: சொல்லுங்க.

தேவகுமாரி: நீ ஒரு கடுதாசி எழுதிக் குடு. சார் பேருக்கு. என்ன நடந்ததோ, உன் கையெழுத்துலயே. அது என் கையில இருந்தா நான் நாளைக்குக் காலையில அவர் முன்னாடி போயி நிக்கலாம். இப்பத்தான் சார் எனக்குத் தெரிய வந்துச்சு, தெரிஞ்ச உடனே உங்ககிட்ட வந்துட்டேன்னு சொல்லலாம். தீஸிஸ் போகும், ஆனா என் பேரு போகாது. இன்னொரு ஊர்ல முதல்லயிருந்து செய்யச் சொல்லுவார்.

கலாவதி: எனக்கு என்னங்க ஆவும்?

தேவகுமாரி: வேலை போகும். நீ ஏமாத்திட்டேன்னு பேசுவாங்க. அதுக்கு மேல உன்னை யாரும் ஒன்னும் பண்ண மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு.

கலாவதி: ஊருக்கு மாவு?

தேவகுமாரி: நிக்கும்.

கலாவதி: எழுதிக் குடுத்தா கண்ணாயி?

தேவகுமாரி: எழுதிக் குடுத்துட்டா மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? இப்பவே கூட்டிட்டுக் கெளம்பிடலாம்.

கலாவதி: நோட்டுலயிருந்து ஒரு தாளைக் கிழிச்சுக் குடுங்க. பொன்னுவேலு அண்ணா... அண்ணோவ்... கண்ணாயி அம்மா வெள்ளையம்மா அக்கா ஊட்டுக்குப் போயி, புள்ளையைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. பழம் பறிச்சுட்டு வந்திருக்கும் இந்நேரம். மாத்துத் துணி ரெண்டு எடுத்துக்கச் சொல்லுங்க.

தேவகுமாரி: இந்தா. பேனா.

கலாவதி: எப்படிங்க ஆரம்பிக்கறது?

தேவகுமாரி: மதிப்பிற்குரிய ஐயா. மாரமங்கலம் ஊரில் குழந்தைகளின் எடையைக் குறிக்கும் பணியை ஒன்றேகால் ஆண்டாக நான் செய்து வருகிறேன்.

கலாவதி: ...செய்து வருகிறேன்.

தேவகுமாரி: குழந்தையுடன் ராகி மூட்டையும் வைத்து எடை போடும் வழக்கம் இவ்வூரில் இருப்பது தெரிந்தும், அந்த எடையைக் கழிக்காமல் எழுதி ஏமாற்றி...

கலாவதி: ஏமாத்தின்னு போடோணுங்களா?

தேவகுமாரி: தவறாகன்னு போடு. கழிக்காமல் தவறாக எழுதி வந்தேன்.

கலாவதி: சென்னம்மா அக்கா பேரு வேண்டாமுங்க. ஊருன்னு மட்டும் இருக்கட்டும்.

தேவகுமாரி: சரி. இது முழுக்க என்னுடைய தவறு.

கலாவதி: ...என்னுடைய தவறு.

தேவகுமாரி: இது பற்றி டாக்டர் தேவகுமாரி அவர்களுக்கு...

கலாவதி: அவர்களுக்கு?

தேவகுமாரி: இன்று வரை எதுவும் தெரியாது.

கலாவதி: ...

தேவகுமாரி: ஏன் நிறுத்திட்ட?

கலாவதி: பேனா எழுத மாட்டேங்குதுங்க. ஒதறினா எழுதும். இன்று வரை... எதுவும்... தெரியாது. ஆச்சுங்க.

தேவகுமாரி: கீழ பேரு, தேதி. கார்த்திகைன்னு போடாத, இங்கிலீஷ் மாசம் போடு.

கலாவதி: போட்டுட்டேன். பிடிங்க.

தேவகுமாரி: கலா... நீ நல்ல பொண்ணு. வேற எங்கயாவது உனக்கு வேலைக்கு நான் சொல்றேன்.

கலாவதி: அதெல்லாம் அப்பறம் பார்த்துக்கலாமுங்க. வெள்ளையம்மா அக்கா வருது பாருங்க. ஓட்டமா ஓடி வருது. அக்கா, மெதுவா வா, வாசல்ல பாசி வழுக்கும்.

வெள்ளையம்மாள்: கண்ணு கலா, புள்ளை கையைத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்குது. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. டாக்டரம்மா, நீங்களே பாருங்க சாமி...

தேவகுமாரி: குடு, இப்படிக் குடு. கண்ணாயி... கண்ணு... இங்க பாரு. மத்தியானம் ஏதாவது குடிச்சாளா?

வெள்ளையம்மாள்: வாயில ஊத்துனா கடைவாய் வழியா வந்துருது. காலைப் பாருங்க, வெரலை வெச்சு அழுத்துனா குழி உழுந்து அப்படியே நிக்குது. காலையில இப்படி இல்லீங்க. நானு பழத்துக்குப் போறப்ப கண்ணைத் தொறந்து பார்த்துச்சு.

தேவகுமாரி: ஜீப்ல ஏறு. உடனே. கலா, அந்தக் கம்பளியை எடு.

வெள்ளையம்மாள்: ஏறறேனுங்க. அதுக்கு முன்னால ஒருவாட்டி தராசுல தொங்க உட்டுருங்க.

தேவகுமாரி: எடையெல்லாம் காலையிலயே பார்த்தாச்சு. நேரமில்லை, வா.

வெள்ளையம்மாள்: அதனாலதானுங்க சொல்றேன். காலையில எங்கூட்டு மனுசன் ஒன்னும் தெரியாம புள்ளையைச் சும்மா கொண்டாந்து தொங்க உட்டுருக்காரு. மடியில ராகி இல்லாம. அதுக்கப்பறந்தான் புள்ளை இப்படி ஆயிருச்சு. மூட்டையக் கொண்டாந்திருக்கேன். வெச்சு உடுங்க, அப்பறம் எங்க வேணும்னாலும் வாரேன்.

தேவகுமாரி: வெள்ளையம்மா, சொல்றதைக் கேளு. ராகி வெக்கிறதால ஒன்னும் ஆகாது, வெக்காததால இது வரல. இது—

வெள்ளையம்மாள்: மாட்டேனுங்க. சும்மா நிறுத்த புள்ளையத் தூக்கிக்கிட்டு மலை எறங்க மாட்டேன். சென்னம்மா புள்ளையைச் சும்மா நிறுத்து என்ன ஆச்சு?

கலாவதி: வெச்சு உடுங்க டாக்டரம்மா. வெச்சாத்தான் அக்கா ஜீப்புல ஏறும். ஒரு நிமிசம். தராசு இதா இங்க கொக்கியிலதான் இருக்குது.

தேவகுமாரி: சரி... சரி. தூளியைப் பிடி. தலையைத் தாங்கிக்க. மெதுவா.

வெள்ளையம்மாள்: இந்தாங்க ராகி. நானு வெக்க மாட்டேன், உங்க கையால வைங்க.

தேவகுமாரி: யாரு வெச்சா என்ன, கலா வெக்கட்டும்.

வெள்ளையம்மாள்: இல்லீங்க, நீங்கதான். ஆவணியில வெச்சு உட்டீங்களே, அதே மாதிரி.

தேவகுமாரி: ...

வெள்ளையம்மாள்: மறந்துட்டீங்களா? கலா குளிர்காய்ச்சல்ல படுத்திருந்தப்ப நீங்க மட்டும் தனியா வந்து எடை பார்த்தீங்களே. தூக்கறப்ப மூட்டை நழுவிக் கீழ உழுந்துருச்சு. திட்டுவீங்கன்னு நானு நெனச்சேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லலீங்க. அதை எடுத்து, கையில வெச்சுப் பார்த்துட்டு, நீங்களே புள்ளை மடியில வெச்சுத் துணியைச் சுத்தி உட்டீங்க. டாக்டரம்மாவே வெச்சுட்டாங்க, இனி எம்புள்ளை பொழைச்சுக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. அரைப்படி வெச்சுக்கிட்டிருந்தவ, அடுத்த மாசத்துலயிருந்து ஒரு படியாப் போட்டேன்.

தேவகுமாரி: குடு.

வெள்ளையம்மாள்: மடியோட ஒட்டி வைங்க. ஆங்... அப்படித்தான். நீங்க மவராசியா இருப்பீங்க.

கலாவதி: எட்டு இருநூறு. போதும் அக்கா, புள்ளையை எடுத்துக்கிட்டு ஜீப்புல போயி உக்காரு. மூட்டையையும் எடுத்துக்க. முன்சீட்டுல உக்காராத, பின்னால உக்காந்து காலை நீட்டிக்க. நாங்க இதா வந்தர்றோம்.

வெள்ளையம்மாள்: சேர்வராயா...

தேவகுமாரி: கலா.

கலாவதி: நேரமாவுதுங்க. பையை எடுத்துக்கங்க.

தேவகுமாரி: அவ சொன்னது...

கலாவதி: அதுக்கு ஒன்னும் தெரியாதுங்க. நல்லதாத்தான் சொல்லிட்டுப் போவுது.

தேவகுமாரி: உனக்கு? உனக்கு இது முன்னாடியே தெரியுமா?

கலாவதி: அன்னைக்குப் பொழுதோடவே வந்து சொல்லுச்சுங்க. காய்ச்சல்ல கெடந்தேன். டாக்டரம்மாவே வெச்சு உட்டாங்கன்னு சந்தோசமா சொல்லுச்சு. அடுத்த மாசம் வந்து நீங்க என்னையக் கேப்பீங்க, திட்டுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க கேக்கவே இல்லை.

தேவகுமாரி: எதுவும் தெரியாதுன்னு நான் சொல்லச் சொல்ல, ஏன் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்ட?

கலாவதி: எழுதிக் குடுத்தாத்தானுங்க இன்னைக்கு ஜீப்பு கெளம்பும்.